மூன்று முறை கூப்பிட்டேன்

ஓசூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் டவாலியாக இருந்தேன். வழக்குக்காரர்களின் பேரை வாசலில் நின்று மூன்று முறை கூவுவது என் வேலை. கொலைகாரனோ கோடீஸ்வரனோ, வெறும் பேர்தான். முன்னே பின்னே எதுவும் ஒட்டக்கூடாது. ஐம்பதுகளில் ஒரு நாள் அதைக் கெடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உறுத்தலாக இருக்கிறது.

கூண்டில் ஏறவேண்டியவர் டில்லியில் மந்திரியாக இருந்து இறங்கியவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போன தலைவர். அவர்மேல் பிராது கொடுத்தவர் கெலமங்கலம் பக்கத்துக் குடியானவர். ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டப்போவதாகச் சொல்லிக் கைநாட்டு வாங்கி, அவருடைய இரண்டு ஏக்கர் ராகிக் கொல்லையைத் தலைவர் தம் மச்சான் பேருக்கு எழுதிக்கொண்டார் என்பது வழக்கு. அந்தக் கொல்லையை விட்டால் அவருக்கு வேறு நிலம் கிடையாது.

அன்று காலையிலேயே தலைவரின் ஆட்கள் கடைகளை மூடவைத்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் கொடியோடு வந்து நின்றார்கள். குடியானவருக்கு வக்கீல் வைத்துக் கொடுத்ததே அவர்கள்தான். முதலில் குடியானவரைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் மொட்டைப் பேர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

அடுத்து தலைவர். சுதந்திரம் வந்த அன்று இதே வளாகத்தில் அவர் கொடியேற்றியபோது, தொண்டை கட்டும்வரை வாழ்க போட்டவன் நான். அந்தப் பேரை மொட்டையாகச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று முறையும் "அய்யா" சேர்த்துக் கூவிவிட்டேன்.

தலைவரின் ஆட்கள் கைதட்டினார்கள். குடியானவரின் வக்கீலுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. கோர்ட்டுச் சிப்பந்தியே அந்தப் பக்கம், வழக்கைச் சேலத்துக்கு மாற்றவேண்டும் என்று மனுப் போட்டார். சேலத்தில் கூட்டம் பெரிதாகச் சேரும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். தலைவரின் வக்கீல் வாயே திறக்கவில்லை. வழக்கு இழுத்தால் அவருக்குப் போதும். கொல்லையை யார் நினைத்தார்கள்? வழக்கு சேலத்துக்குப் போனது. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள்.

குடியானவர் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறினார். தேர்தல் வந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் கூட்டுச் சேர்ந்தார்கள். வக்கீல் வருவது நின்றது. அப்புறம் ஒரு வாய்தாவன்று பஸ் காவேரிப்பட்டினத்தில் பழுதாகி நின்றுவிட்டது. பிராதுக்காரர் ஆஜரில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

மறுவாரம் அவர் ஓசூர் கோர்ட்டு வாசலுக்கு வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"அங்கயும் மூணு தடவ கூப்ட்டாங்களாங்க. நா பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. "எல்லாம் என்னால வந்த வினைங்க. நான் அய்யா போடாம இருந்திருந்தா வழக்கு இங்கயே நடந்திருக்கும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"உங்களச் சொல்லி என்னாங்க ஆவுது. நானும் அய்யா அய்யான்னுதான் கைநாட்டு வெச்சேன்."