சௌந்திரத்துக்கு இடமில்லாத பிளசர்

சௌந்திரம் முதன்முதலாகக் காரில் உட்கார்ந்தது 1936ஆம் வருஷம், தை மாதத்தில். சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் கம்பெனியில் இருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பேபி கார் அது. வாங்கியவர் அவள் வீட்டுக்காரர் சென்னிமலை. சங்ககிரிக்கு மேற்கே, கரட்டுக் குன்றை ஒட்டி அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. சென்னிமலை நல்ல உயரம். அகலமும் அதற்குத் தக்கபடி. அவர் ஏறியதும் வண்டி வலப்பக்கம் சாயும். இடப்பக்கம் சௌந்திரம் ஏறிய பிறகும் அது நிமிராது.

ஊரில் அதைப் பிளசர் என்றார்கள். சௌந்திரத்துக்கு அதில் பிடித்தது அதன் நிதானம். காட்டில் களை எடுக்கிறவர்களிடம் வேலியின் இந்த முனையில் பேச ஆரம்பித்தால், அந்த முனைக்குள் ஆடு குட்டி போட்டதிலிருந்து மருமகள் கோபித்துக்கொண்டு போனதுவரை கேட்டுவிடலாம். வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

அந்த நிதானம்தான் சென்னிமலைக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் குமாரபாளையத்துக்குப் போகும்போது, சௌந்திரத்தின் அண்ணன் மணியனும் பின்னால் ஏறிக்கொண்டார். கரட்டுமேட்டில் வண்டி மூச்சிரைத்தது. பின்னால் நூல் மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரன் மரியாதை தெரிந்தவன். குதித்திறங்கிக் காரின் பக்கத்தில் நடந்துவந்தான்.

“ஏனுங்க, கவுத்தப் போட்டு இழுத்துடட்டுங்களா?”

“வேண்டாம்” என்றார் சென்னிமலை.

“செரிங்க. மேட்டு மேல செத்த நேரம் நிக்கறனுங்க. வேணும்னா சொல்லுங்க.”

சொன்னபடியே நின்றான். அன்று ராத்திரி சென்னிமலை சோறு உண்ணவில்லை. மறுநாள் காலை சேலத்துக்குப் போய்விட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் கைலாசம் என்ற மெக்கானிக் இருந்தார். ஆத்தூர் ரோட்டில் புளியமரத்தில் மோதிய பஸ் ஒன்று அவர் பட்டறையில் கிடந்தது. பஸ்ஸில் எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அடிபட்டிருந்தது. சென்னிமலை அந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எஞ்சின் பெருசுங்க. உங்க வண்டி சின்னதுங்க” என்றார் கைலாசம்.

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்லீங்க. சொன்னனுங்க.”

வேலை சித்திரையில் தொடங்கி ஆடிவரை நடந்தது. எடை தாங்க, முன்பக்க ஸ்பிரிங் வில்லுகளைக் கழற்றிவிட்டு லாரி வில்லுகளைப் போட்டார்கள். எஞ்சின்மேல் மூடி மூடவில்லை, அதை எடுத்துவிட்டார்கள். அப்படியும் எஞ்சின் அடங்காமல் போகவே, நடுத் தகட்டை அறுத்து வண்டிக்குள்ளேயே தள்ளிவைத்தார்கள். சௌந்திரம் பார்க்கப் போனபோது, அவள் கால் வைக்கிற இடத்தில் பஸ்ஸின் கியர்பெட்டியும், அவள் உட்கார்கிற இடத்தில் ஒரு பாட்டரியும் இருந்தன.

“நான் எங்கீங்க உக்கார்றது?”

சென்னிமலை வண்டிக்குள் குனிந்து பார்த்தார். அதுவரை அவர் இதை யோசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

“பின்னால” என்றார்.

“அங்க என்னமோ தகரப்பொட்டி இருக்குதுங்களே?”

“அது பெட்ரோலு.”

சௌந்திரம் பட்டறை மூலையில் கழற்றிப்போட்டிருந்த சின்ன எஞ்சினைச் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றச் சொல்லி, தானும் அதே வண்டியில் ஊருக்கு வந்தாள். இரும்பு வீணாகக் கிடக்கக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவள் மனசில் வேறு எண்ணம் இல்லை.

முதல் ஓட்டத்தைப் பார்க்க ஊரே கரட்டுமேட்டில் கூடியது. பிளசர் மேட்டை ஏறியது. ஏறிய சத்தம் கேட்டு ஜனங்கள் திரும்புவதற்குள் மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின்தான் பஸ்ஸினுடையது, பிரேக் பழைய பிரேக்தான். மணியனின் சோளக்காட்டுக்குள் புகுந்து, நடுவில் இருந்த சோளத்தட்டுப் போரில் முட்டி நின்றது. மணியன் ஓடிவந்து போரை விலக்கினார். உள்ளே சென்னிமலை தலையெல்லாம் சோளத்தட்டாக உட்கார்ந்திருந்தார்.

“மேடு ஏறிருச்சு மச்சான்” என்றார்.

“ஏறிருச்சுங்க” என்றார் மணியன்.

அதற்கப்புறம் சென்னிமலை போகிற இடத்துக்கு வெகுதூரம் முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு போகப் பழகிக்கொண்டார். விசேஷ வீடுகளுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்வார். ஆனால் சீர்த்தட்டு சௌந்திரத்திடம் மாட்டுவண்டியில் வரும். கையை வீசிக்கொண்டு முறை செய்ய முடியாது. அவள் வந்து சேரும்வரை பந்தலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். “அம்மிணி வரலீங்களா?” என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். “வந்துட்டிருக்குது” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுவார்.

சௌந்திரத்துக்குக் கோபம் இல்லையென்று சொல்ல முடியாது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை, கிணற்றடியில் காட்டினாள். பங்குனியில் நீர் இறங்கியதும், கவலையில் தண்ணீர் இழுக்கும் எருதுகளுக்கு நாக்குத் தள்ளும். பிளசரைப் பார்க்கக் கைலாசம் தோட்டத்துக்கு வந்த ஒரு நாள், மாட்டுக்கொட்டாயில் கிடந்த சின்ன எஞ்சினைக் காட்டிக் கேட்டாள்.

“இது தண்ணி எறைக்குமுங்களா?”

“எறைக்குமுங்க. பம்பு வேணுமே.”

“பம்பு இருந்தா?”

“எறைக்குமுங்க.”

மேட்டூர் அணை வேலை முடிந்ததும் கழித்துவிட்ட பம்பு ஒன்று கைலாசத்தின் பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த பாறைத்திட்டில் எஞ்சினையும் பம்பையும் இறக்கினார்கள். சௌந்திரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கித் தானே கைப்பிடியைச் சுற்றினாள். முதல் சுற்றில் அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. வீங்கிய கையை முந்தானையில் கட்டிக்கொண்டு மறுகையால் சுற்றினாள். எஞ்சின் இருமி, பிறகு சிரமமில்லாமல் ஓட ஆரம்பித்தது. மேலே குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். வாய்க்காலில் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவள் மிளகாய்க் காட்டின் கடைசிப் பாத்திவரைக்கும் கூடவே நடந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குப் பிளசரில் போனபோதுகூட இருந்ததில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். மாதத்துக்குரிய பெட்ரோலை வாங்க பிளசரில் சங்ககிரிக்குப் போய்வந்தால் அந்த மாதத்துப் பெட்ரோல் தீர்ந்துவிடும். சென்னிமலை சில மாதம் அப்படியே செய்தார். பிறகு காரைத் துணி போட்டு மூடிவைத்தார். சௌந்திரத்தின் எஞ்சினோ கொஞ்சம் பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடியது. இறைப்புக்கென்று தாலுகா ஆபீசில் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். வாங்கப் போன சென்னிமலையிடம் எஞ்சினை ஓட்டுவது யார் என்று கேட்டார்கள்.

“எங்கூட்டுலதானுங்க” என்றார்.

“நீங்களா?”

“இல்லீங்க. ஊட்டுல.”

யுத்தத்தின் மூன்றாவது கோடையில் சின்ன எஞ்சின் தேய்ந்துபோய்த் திணறியது. புகை கிணற்றை நிறைத்தது. சௌந்திரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தபோது, சென்னிமலை வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் கிணற்றடிக்கு வருவதே அபூர்வம்.

“மெளகா வாடுது” என்றார்.

“ஆமாங்க.”

“பெருச எறக்கலாமா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிவைத்த பிளசரைத் தினமும் அவர் துடைத்துவைப்பது அவளுக்குத் தெரியும்.

“உங்க இஷ்டமுங்க” என்றாள்.

கைலாசம் வந்தார். ஆடிவரை வேலை செய்து ஏற்றிய எஞ்சின் ஒரே நாளில் இறங்கிவிட்டது. வெறும் பிளசரைத் திருச்செங்கோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் வாங்கிக்கொண்டார். புது மாப்பிள்ளை பெண்ணை உட்கார வைத்துப் படமெடுக்க அது வாகாக இருந்ததாம்.

பஸ் எஞ்சின் கிணற்று மேட்டில், கொட்டகைக்குள், பெல்ட்டோடும் புதுக் குழாயோடும், அதுவும் மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றப்பட்டு நின்றது. ஓட்டிய முதல் நாள் தண்ணீர் பனைமரத் தண்டிக்கு விழுந்தது. சென்னிமலை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நின்றார். அவர் சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் நின்றது. சௌந்திரம் எட்டிப் பார்த்தாள். கிணறு காலி. அடியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

“என்ன ஆச்சு?” என்றார் சென்னிமலை.

“தீந்துபோச்சுங்க.”

“மறுபடி எப்ப ஊறும்?”

“மத்தியானம் ஆகுமுங்க.”

எஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அடுத்த வருஷமும் ஆழப்படுத்தினார்கள். அந்த எஞ்சினுக்குப் போதுமான கிணறு கடைசிவரை அமையவில்லை. தினமும் இறைத்துத் தீர்த்துவிட்டு, ஊறும்வரை அவர் கம்பங்கூழும் வெங்காயமுமாக உட்கார்ந்திருப்பார். அவள் பக்கத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருப்பாள். மிளகாய் மட்டும் நன்றாக விளைந்தது.