பாலின் மேல் விழுந்த பழி

என் கணவரின் வயிற்றைக் கெடுத்தது நான்தான். சிக்கரி கலந்த காபியை, கலப்பில்லாத காபி என்று சொல்லிக் கொடுத்தேன்... ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கல்யாணமான புதிதிலிருந்து!

சிக்கரி என்ன விஷமா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஊரில் எத்தனையோ பேர் அதைக் குடித்துவிட்டுக் குண்டுக்கல்லாக நடமாடுகிறார்கள். நானும் குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் அவருக்கு அது ஆகாது. அதை அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பிறகு ஏன் கொடுத்தேன்? சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் இருவர் பிறந்த வீடும் மலையாள தேசத்து வலியசாலையில்தான். பூர்வீகத்தில் நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், அவர்கள் தஞ்சாவூர். காபி என்றால் அவர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். மாப்பிள்ளையாக முதல் தடவை வந்தவருக்கு அப்பா தம் கையாலேயே காபியை ஆற்றிக் கொடுத்தார். இவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன மாமா, சிக்கரியைக் கொட்டி வெச்சிருக்கேள்? எங்காத்துல இது வாசப்படி ஏறாது. எனக்கு வயித்துக்கும் ஒத்துக்காது.”

அப்பாவின் முகம் வாடிப்போயிற்று. அது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. வயிற்றைப் பற்றிச் சொன்னதையும் பெருமை பீற்றல் என்றே எடுத்துக்கொண்டேன்.

தனிக்குடித்தனம் வைத்ததும் பழவங்காடியில் காபி அரைக்கும் கடைக்குப் போனேன். கலப்பில்லாத பொடி ஒரு பொட்டலம், சிக்கரி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். சிக்கரியை உளுத்தம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் ஃபில்டரில் இரண்டையும் கலந்து போட்டேன். டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கியது. இவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாத்தியா... சுத்தக் காப்பின்னா இதுதான்!”

அடேயப்பா, எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்பாவுக்காகப் பழி தீர்த்துவிட்டேனாம்! அதன் பிறகு தினமும் விடிந்ததும் எனக்கு ஒரு வெற்றி. எத்தனை அற்பம் பாருங்கள்...

வேலைக்குப் போன காலத்தில் காலையில் ஒரு தடவையோடு சரி. வயிறு உப்புசம் என்பார், ஓமம் மெல்லுவார், போய்விடுவார். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் கேட்டபோதெல்லாம் காபி. வயிறு இரைந்துகொண்டே இருந்தது. பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர், பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறதென்று போவதையே நிறுத்தினார். ஒரு நாள் கிழக்கேகோட்டையிலிருந்து வரும் வழியில், பஸ்ஸிலேயே வயிறு இளகி வேட்டி பாழாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே நான் மாற்று வேட்டியோடு நின்றேன்.

அப்போதாவது எனக்கு உறைத்ததா? உறைத்தது... கொஞ்சம். சிக்கரியாக இருக்குமோ என்று நினைத்தேன். இத்தனை வருஷம் செய்யாததா இப்போது செய்யப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுக்கூடப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அங்கிருந்த இளம் டாக்டரம்மா ஒருத்தி மலையாளம் கலந்த தமிழில் ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

“அங்கிள், காப்பியில சிக்கரி உண்டோ? அந்த வேருல உள்ள நாரு சிலர்க்கு வயித்துல கேஸ் உண்டாக்கும், வயிறு இளகவும் செய்யும்.”

“சிக்கரியா? நன்னாருக்கு! கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ கையால சுத்தக் காப்பிதான். வேணும்னா இவளையே கேளுங்கோ.”

டாக்டர் என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம்! அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாமே முடிந்திருக்கும்...

“சுத்தம்தான்” என்றேன்.

“அப்போ பாலாயிருக்கும். பாலும் பால் சேர்ந்ததும் நிறுத்தி நோக்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும் சிக்கரியைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் வயிறு அடங்கியது. பஜனைக்கு மறுபடி போகிறார். பால்தான் அத்தனைக்கும் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, வெறும் கடுங்காபியை முகம் சுளித்துக் குடிக்கிறார். தயிர் கிடையாது, மோர் கிடையாது... ஒரு பாவமும் அறியாத பாலை ஒதுக்கிவிட்டார்.

சொல்ல முயன்றேன். நம்புங்கள்!

“ஏன்னா... ஒண்ணு சொல்லணும்.”

“என்ன?”

“...புளி தீர்ந்துபோச்சு.”

எதற்குப் பயப்படுகிறேன்? அவர் திட்டமாட்டார். பேசாமல் என்னைப் பார்ப்பார். குளியலறைக் கதவுக்கு வெளியே வேட்டியோடு நின்றவள் இவள்தானே என்று நினைப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

போன மாதம் எங்கள் ஒரே மகளுக்குச் சீமந்தம். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாலிலேயே காய்ச்சிய பாயசம், பாலடைப் பிரதமன் வந்தது. அவருக்கு அதன் மேல் உயிர். இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, பரிமாறுகிறவரிடம் சொன்னார்:

“எனக்கு விடறதையும் இவ இலையில விடுங்கோ. என் வியாதியால இவ பட்ட பாடு கொஞ்சமா? எனக்கும் சேத்து இவளாவது சாப்பிடட்டும்.”

இரண்டு கரண்டி என் இலையில் விழுந்தது. அவர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழித்துச் சாப்பிட்டேன்.

“நன்னாருக்கா?” என்று கேட்டார்.

“நன்னாருக்கு” என்றேன்.