கைப்பிடி இல்லாத டிராயர்

மனதில் பதற்றம் ஏறிவிட்டால் அப்பா வீட்டில் எந்த ஸ்க்ரூவையும் விட்டுவைக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கதவு, நாற்காலி, குக்கர் மூடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் இறுக்குவார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்துவரும் வழக்கம் இது. ஏற்கெனவே இறுகிப்போனதை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? ஒருநாள் சமையலறை டிராயரின் கைப்பிடியில் மரை தேய்ந்து, கைப்பிடியே கையோடு வந்துவிட்டது. அன்று முதல் அம்மா ஒரு கயிற்றைக் கட்டி டிராயரை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறாரு. என் டிராயர் மட்டும் வாயத் திறக்க மாட்டேங்குது" என்பாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சமீபத்தில் பதற்றத்துக்கு ஒரு புதுக் காரணம் வந்து சேர்ந்திருந்தது. அவரும் உடன் வேலை செய்யும் ஆறு பேரும் சேர்ந்து போனில் ஃபேன்டஸி கால்பந்து ஆடினார்கள். நிஜ ஆட்டக்காரர்களில் பதினொரு பேரைப் பொறுக்கி, ஒருவரைக் கேப்டனாக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கு ஏற்ப இங்கே புள்ளி விழும். கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. கடைசியாக வருபவர் அந்த வாரம் முழுவதும் எல்லோருடைய கருவிப் பையையும் சுமக்க வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். அதற்குப் போய் மனிதர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நடுங்குவார்.

கம்பெனி டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் பிரஷர் இறங்காவிட்டால் லிஃப்ட் குழிக்குள் இறங்கத் தகுதிச் சீட்டு கிடையாது; ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு எண்ண வேண்டியதுதான். மகள் தினமும் அளந்து நோட்டில் எழுதினாள். வேலை நாளில் நூற்று நாற்பது. ஆட்டம் நடக்கும் நாளில் நூற்று எழுபது.

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள், படித்தது உளவியல். நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள்.

"எண்ணிக்கிட்டேதாம்மா இருந்தேன். மூணு எண்ணுறதுக்குள்ள எதிர் டீம்காரன் கோல் போட்டுட்டான்."

"போனைப் பார்த்துக்கிட்டே மூச்சு விட்டா?"

"பார்க்காம எப்படித் தெரியும்?"

போனை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். பத்து நிமிடத்தில் அரிசி தரையில் கிடந்தது. "பட்டதாரி வைத்தியம் பலிக்கல போல" என்று சொல்லிக்கொண்டே அம்மா பெருக்கினாள். மூன்று வருடம் படித்து என்ன கிழித்தோம் என்று மகளுக்கு அழுகையே வந்தது.

மூலையில் கிடந்த அவருடைய வேலைப்பை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அதில் ஒரு சிவப்புப் பூட்டு. லிஃப்டில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் அந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் அடுத்தவரிடம் சாவி கேட்கக் கூடாது. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதை மீறியதில்லை.

அவள் போனைக் கருவிப் பெட்டியில் போட்டு, சிவப்புப் பூட்டால் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"பூட்டினது நான்."

அவர் பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். பூட்டைத் தொட்டார். பிறகு போய் உட்கார்ந்துவிட்டார். சாவி கேட்கவில்லை. அன்று நூற்று ஐம்பது. அதற்கடுத்த ஆட்டத்தன்று நூற்று நாற்பது.

டாக்டர் வரச் சொன்ன நாளிலும் மதியம் ஆட்டம் இருந்தது. டாக்டர் அறை வாசலில் காத்திருந்தபோது பூட்டிய பெட்டி மகளின் மடியில் இருந்தது.

"இந்நேரம் டீம் லிஸ்ட் வந்திருக்கும்."

"வரட்டும்."

"என் கேப்டனுக்கு முழங்கால் வலின்னாங்க."

"வலி அவருக்குத்தானேப்பா?"

"அவன் இறங்கலைன்னா மாத்தணும். ஒரே ஒரு நிமிஷம்..."

"யார் பூட்டினது?"

அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.  பெற்ற தகப்பனைப் பூட்டி வைக்கத்தான் படித்தோமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நூற்று முப்பத்திரண்டு. டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் ஆட்டம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்தாள். கேப்டன் மைதானத்தில் இறங்கவே இல்லை. ஏழு பேரில் அவர் ஏழாவது.

"ஒரு நிமிஷம் குடுத்திருந்தா மாத்தியிருப்பேன்ல."

"சீட்டு கையில இருக்குப்பா! வேலை நிலைச்சிருக்கு!"

"அது இருக்கும்மா. கேப்டன் போச்சே."

தலையில் அடித்துக்கொள்ள அவளுக்கு இரண்டு கை போதவில்லை.

அம்மா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சந்தோஷம். சீட்டு வந்ததும் கைப்பிடி மாட்டித் தர்றேன்னீங்களே?"

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா."

"அன்னைக்கு ஆட்டம் இல்லையா?"

"அதான் போன் பெட்டிக்குள்ள இருக்குமே. சும்மாதானே இருப்பேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனது. அதற்குப் பிறகு எட்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விட்டன. போன் பெட்டிக்குள் இருக்கும் நேரத்தில் அவர் வீட்டிலுள்ள மற்ற எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கி முடித்துவிட்டார். பழைய கயிறு நைந்துபோனதால் அம்மா புதுக் கயிறு கட்டியிருக்கிறாள். கைப்பிடி டிராயருக்குள்ளேயே கிடக்கிறது.