குளிரில் வைத்தது நான்தான்

காலையில் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர் எழுந்துபோய் என் மேசையருகே இருக்கும் ஹீட்டரைத் திருகிவிடுகிறார். கேட்காமலே செய்யும் உபகாரம். இந்தியாக்காரி, பாவம், நடுங்குவாள் என்று நினைப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டும். எழுந்துபோய் அணைப்பேன். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து இதே கூத்து. எங்கள் ஊர் ஏற்காடு, மலை, மார்கழியில் வாயைத் திறந்தால் புகை வரும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "ஆனால் இந்தியா வெப்ப நாடுதானே?" என்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

என் வேலை ஈஸ்ட்டோடு. செல்லுக்குள் புரதம் தயாராகும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் உறுப்பு ஒன்றுக்கான மரபணு ஈஸ்ட்டில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்றை வெட்டி எடுத்தாலும் ஈஸ்ட் ஜம்மென்று வளர்ந்தது. அது வெறும் உபரி, விட்டுவிடுங்கள் என்றார் பேராசிரியர். உடனே எனக்கும் இரண்டு ஊர், இரண்டு உயிர் என்று யாரும் கவிதை கட்ட வேண்டாம்; கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்கு உறுத்தியது வேறு. இங்கே ஈஸ்ட் வளரும் தட்டுகள் எல்லாவற்றையும் முப்பது டிகிரியில்தான் வைப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடை கிராமத்தில் எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. அம்மா பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றி அடுப்போரம் வைப்பார். கீழே சேலத்தில் சித்தி வீட்டிலோ மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஈஸ்ட்டைக் குளிரில் வைத்தால் என்ன ஆகும் என்று தோன்றாதா? சக ஆய்வாளன் லூக்காஸிடம் சொல்லிவிட்டு, தட்டுகளைப் பதினைந்து டிகிரிக் குளிர் அறையில் வைத்தேன். முழு ஈஸ்ட் மெதுவாக வளர்ந்தது. வெட்டப்பட்டது வளரவே இல்லை. உபரி என்று ஒதுக்கிய மரபணு குளிரைத் தாங்குவதற்கானது.

சந்தோஷத்தில் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் சுற்றுலா வருபவர்களுக்கு ஸ்வெட்டர் விற்கிறான்.

"ஏங் கண்ணு, ஈஸ்ட்டுங்கறது பன்னுக்குப் போடறதுதான? அதுக்கா அத்தன தூரம் போன?" என்றான். பிறகு, "சரி, உம்பேரு வருமில்ல?"

"மொதப் பேரா வரும்ண்ணா."

ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையதோ, கண்டுபிடிப்பு அவருடையது. என் அடுத்த வேலையும் விசாவும் அதை நம்பித்தான் இருந்தன.

வாராந்தரக் கூட்டத்தில் பேராசிரியர் என் முடிவைத் திரையில் காட்டினார். "தட்டுகளைக் குளிரில் மறந்து வைத்துவிட்டார்கள், நல்ல அதிர்ஷ்டம். லூக்காஸ் அதன் பொருளைக் கண்டுகொண்டார்" என்றார். கட்டுரையில் முதல் பெயர் லூக்காஸுடையது என்றும் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"மறக்கவில்லை. நான்தான் வைத்தேன்" என்றேன்.

"வெப்ப நாட்டிலிருந்து வந்த உங்களுக்கு அது எப்படித் தோன்றியது?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்றைக்கும் எரிகிறது. லூக்காஸ் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாயைத் திறந்து சொல்லேன், லூக்காஸ்!" என்று கத்தினேன். இங்கே யாரும் கத்துவதில்லை. அறையே என்னைப் பைத்தியம்போலப் பார்த்தது. கடைசியில் அவன், "வைப்பதற்கு முன்பே என்னிடம் சொன்னார்" என்று முணுமுணுத்தான். முதல் பெயர் என்னிடம் வந்தது. கோபத்தைக் கட்டுப்படுத்த ஒரு பயிற்சி வகுப்பு இருப்பதாகவும் சொன்னார்கள். நான் போகவில்லை.

கட்டுரை வெளியானதும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் என் படத்தைப் போட்டு, 'வெப்ப நாட்டுப் பெண் கண்ட குளிர் மரபணு' என்று எழுதினார்கள். சண்டை போட்டு வாங்கிய பெயருக்குக் கிடைத்த மரியாதை இது. அண்ணன் தன் பங்குக்குக் கடைக்கு மேலே என் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினான்: 'எங்கள் ஜெர்மனி விஞ்ஞானிக்கு வாழ்த்துகள்'.

"நம்மூருப் பேரப் போட்டிருக்கலாமில்லண்ணா?"

"ஏற்காடுன்னு போட்டா இங்க எவன் திரும்பிப் பாப்பான், கண்ணு?"

அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பனிமூட்டம் இறங்கி என் முகத்தை மறைத்திருந்தது. ஜெர்மனி என்ற எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிந்தது.