ராகுகாலத்தில் செத்த பற்றரி

நான் கார் ஓட்டப் பழக்குகிறவள். கூரையில் மஞ்சள் பலகையை வைத்துக்கொண்டு கனடாவில் ஸ்காபரோ முழுக்க ஊர்ந்து திரிந்து, அவசரக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்கிற ஆட்களில் ஒருத்தி. பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிறவர்களை நான் சட்டை செய்வதில்லை. அவர்களில் பாதிப்பேருக்கு ஓட்டப் பழக்கியதே நான்தான்.

அன்று திங்கட்கிழமை, தை மாதக் குளிர். மோர்னிங்சைட்டில் ஓர் அன்ரியை லைசென்ஸ் எடுக்க ஒன்பதரை மணி றோட் ரெஸ்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்ரி என்னைவிட நன்றாக மூத்தவர். மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை, விடிய ஐந்து மணிக்குத் தொடங்கும். இத்தனை வருடமும் அங்கிள்தான் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று டொக்டர் லைசென்ஸை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி ஏற்றிப்போனாள்; அவளும் பிரசவத்துக்காக அந்தக் கிழமையோடு வேலையிலிருந்து நிற்கிறாள். அன்ரி ஏற்கனவே இரண்டு தரம் பெயில். இன்று தவறவிட்டால் அடுத்த ரெஸ்ற் சித்திரையில்தான் கிடைக்கும். அதுவரை வேலை காத்திருக்காது.

"பிள்ளை, ஒன்பது மணி மட்டும் ராகுகாலம். அது முடியட்டும், வெளிக்கிடுவம்" என்றார் அன்ரி.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான், சரி என்றேன். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினால் பயணம் தொடங்கியதாகிவிடும் என்று அன்ரிக்குப் பயம். அதனால் அவர் இருக்கும் மாடிக் கட்டடத்துக்கு முன்னாலேயே காருக்குள் ஏறி இருந்து, திறப்பைத் துளையில் போட்டு அரைவாசி மட்டும் திருகி, ஹீற்றரையும் லைற்றையும் போட்டு, தமிழ் றேடியோவில் தேவாரம் கேட்டுக்கொண்டு, கண்ணாடி பார்ப்பது சிக்னல் போடுவது எல்லாவற்றையும் வாயாலேயே ஒருதரம் ஓட்டிப் பார்த்தோம். ராகுகாலம் முடிந்தது. திறப்பை முழுதாகத் திருகினேன். 'டிக்' என்றது. மறுபடி திருகினேன். அந்த 'டிக்'கும் இல்லை.

"பற்றரி செத்துப்போச்சு, அன்ரி."

"ஐயோ, ராகுகாலம்தான் முடிஞ்சுதே!"

"முடிஞ்சுது. போகேக்க ராகு என்ர பற்றரியையும் கொண்டு போயிட்டான்."

வந்த ஆத்திரத்தில் ஸ்ரியரிங்கில் ஓர் அடி போட்டேன். வேறொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கிற வயரும் என்னிடம் இல்லை. உதவிக்குப் போன் பண்ணினால், இந்தக் குளிருக்கு எல்லோருடைய காரும் படுத்துவிட்டது, ஆள் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்கள். அதற்குள் அங்கிள் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

"இறங்குங்கோ, இறங்குங்கோ. தள்ளி ஸ்ரார்ட் பண்ணுவம்."

"அங்கிள், உது ஓட்டோமற்றிக். ஒட்டாவா வரைக்கும் தள்ளினாலும் ஸ்ரார்ட் வராது."

அன்ரி சிரிக்கவில்லை. காரைச் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றார். "உங்கட வானின்ர திறப்பைத் தாங்கோ."

அந்த வான் கட்டடத்துக்குக் கீழே பார்க்கிங்கில் நின்றது. ஓட்ட முடியாவிட்டாலும் அங்கிள் தினமும் போய் அதை ஸ்ரார்ட் பண்ணி, சீற்றில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். திறப்பு எப்போதும் அவருடைய பொக்கற்றில்தான். அதில் ஓட்டிப் பழகட்டுமா என்று அன்ரி ஒருமுறை கேட்டதற்கு, "உனக்கு உது சரிவராது, இடிச்சுப் போடுவாய்" என்றாராம். அப்படித்தான் அன்ரி என்னிடம் வந்து சேர்ந்தார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். புருசன் பெண்சாதி கதைக்குள் எனக்கென்ன வேலை?

"நீ அதை ஒருநாளும் தொட்டதில்லையே" என்றார் அங்கிள் மெல்ல.

"நீங்கள் தந்தால்தானே தொடுறதுக்கு?"

கொஞ்ச நேரம் கையைப் பொக்கற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்துக் கொடுத்தார்.

வானென்றால் பென்னம்பெரிய வான். அன்ரி சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, மெல்ல வெளியே எடுத்தார். என்னுடைய காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இதில் இல்லை. வழி முழுக்க நான் வெறும் கார்ப்பெற்றை மிதித்துக்கொண்டு போனேன். அன்ரிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

ரெஸ்ற் முடிந்து வந்த அன்ரி அந்த வானை இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே வெட்டில் பின்னுக்கு எடுத்து நிறுத்தியதை ரெஸ்ற் நிலையத்தின் ஜன்னலால் பார்த்தேன். இறங்கி வந்து, "பாஸாம் பிள்ளை" என்றார், கறிக்கு உப்புப் போட்டாச்சு என்பது மாதிரி. நான்தான் கத்திவிட்டேன். அங்கே வரிசையில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டுமே! எனக்கு அவ்வளவு பெருமை. நான் பழக்கியதால் வந்த பெருமையில்லை. பழகிய காரில் பாஸ் பண்ணுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருநாளும் தொடவிடாத வானில் ஏறிப் பாஸ் பண்ணியது அன்ரியின் கெட்டித்தனம், முழுக்க முழுக்க அவருடையது.

திரும்பி வந்தபோது அங்கிள் வாசலிலேயே நின்றார். அன்ரி கண்ணாடியை இறக்கினார்.

"பாஸ் பண்ணிட்டன். ஏறுங்கோ, பிள்ளைக்கு ஒரு பற்றரி வாங்கி வருவம்."

அங்கிள் பழக்கதோசத்தில் ட்ரைவர் பக்கம் வந்து கதவுப்பிடியில் கையை வைத்தார். அன்ரி அசையவில்லை. நான் முன்சீற்றிலிருந்து இறங்கிப் பின்னுக்குப் போய் ஏறினேன். அவர் கையை எடுத்துவிட்டு, வானின் முன்பக்கத்தால் சுற்றி வந்து என்னுடைய இடத்தில் ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டார். சிவப்பு லைற் ஒன்றில் வான் நின்றது.

"விடிய நானும் உன்னோட வரட்டே?" என்று கேட்டார் அங்கிள்.

"இவ்வளவு காலமும் எனக்காக எழும்பினது போதும்" என்றார் அன்ரி, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ."