முயல் மண்டலத்துச் சிவப்பு

தொலைநோக்கியின் பித்தளை விளிம்பு இமையில் சில்லென்று ஒட்டும்; சற்று நேரம் எதுவும் தெரியாது, பிறகு வெள்ளை விண்மீன்களுக்கு நடுவே அணையப்போகும் கங்கின் நிறத்தில் ஒன்று மட்டும் நிற்கும். ஏறக்குறைய பதினான்கு மாதத்துக்கு ஒரு முறை மங்கிப் பிரகாசிக்கும் அந்த முயல் மண்டல விண்மீனுக்குச் சிவப்பு வந்தது அதைச் சூழ்ந்த கரியால் என்பார் அப்பா.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா சிவகாசி அச்சகமொன்றில் தீப்பெட்டி லேபிளுக்கு மை கலப்பவர்; அவர் நிறம் பார்த்துத் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். அங்கே கழித்துப்போட்ட கேமரா லென்ஸைத் தகரக் குழாயில் பொருத்தி, விருதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி நிறுத்தியிருந்தார்.

"அப்பனும் மகளும் மானத்துல என்னத்தத் தொலைச்சீக? சோறு ஆறுது" என்று அம்மா உள்ளிருந்து கத்துவாள்.

ஒருவர் சொல் மற்றவர் கண்ணை இழுத்துவிடக் கூடாதென்பதற்காக, ஆளுக்கொரு 'வேஸ்ட்டு' லேபிளின் பின்புறம் நிறத்தையும் ஒளியையும் எழுதி, அதன் பிறகே மாற்றிக்கொள்வோம். அந்தத் தை மாதம் நான் 'கடுஞ்சிவப்பு' என்று எழுத, அவர் 'சாம்பல், மங்கல்' என்று எழுதியிருந்தார். மறுவாரமும் அப்படியே. லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"நல்லாப் பாத்தியா தாயி?"

அவர் குரல் எனக்குப் பயமூட்டியது. அடுத்த ஞாயிறு, சிவப்பைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே 'சாம்பல்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அப்பச் சரி. அதுதான் மங்குது. எங்கண்ணுல கோளாறில்ல" என்று சிரித்தார்.

புதன்கிழமை ஒரு கட்டு லேபிளோடு வந்தார். "அசல் செவப்பு, பாத்தியா? லோடு ஆமத்தூர் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போயிருச்சு." என் கையிலிருந்தது செங்கல் நிறம். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

அவர் அதட்டவில்லை. லேபிளை விளக்கருகே வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய், முதலாளியிடம் தாமே சொல்லிவிட்டு மதியமே திரும்பினார்.

"இனிமே பார்சல் கட்டச் சொல்லிட்டாக. சொன்னதுக்குக் கோவமில்ல தாயி. மூணு நாளு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

இப்போது நிறத்தைக் கருவி அளக்கிறது. கண்ணை நம்பி மெஷினை ஓட்டுவோர் இல்லை. தெருவிளக்கில் வெளுத்த விருதுநகர் வானத்தில் முயல் மண்டலத்தைத் தேடத்தான் வேண்டும். அப்பாவும் போய்விட்டார். யாராவது ஒன்றை நீட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்டால், பதில் சொல்ல எனக்கு இன்னும் நேரமாகிறது.