உத்தனப்பள்ளி சாலையில் நான் கேட்ட ஆள்

பாட்டு வேளையில் எல்லாரும் கையை உயர்த்தும்போது என் இடது கை மட்டும் தோளுக்கு மேல் வருவதில்லை. கவனித்த சிலர் கேட்டிருக்கிறீர்கள். "ஒரு விபத்து" என்று சொல்லி நழுவியிருக்கிறேன். அது விபத்தில் ஒடிந்த கை அல்ல, அடித்து ஒடித்த கை. இன்று சபைக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். கர்த்தர் செய்ததை மூடி வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

எம்.பி.ஏ. முடித்து வெகுநாள் வீட்டில் சும்மா இருந்த பிறகு, ஓசூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அட்மிஷன், ஹாஸ்டல், தேர்வுப் பிரிவு, போக்குவரத்து என்று ஒரு வருஷம் சுற்றிச் சுற்றி உட்கார வைப்பார்கள். தேறினால் அதிகாரி. வெயிலோ மழையோ நீலக் கோட்டு போட்டே ஆக வேண்டும். தளியில் எங்கள் வீட்டில் அம்மா ஜெபித்துத்தான் அதை மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு, பாதிப் பல்கலைக்கழகம் என்னுடையது என்பது போல நடப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நான் போக்குவரத்துப் பிரிவில் இருந்தேன். தடம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மாணவிகளின் பேருந்தில் ஏறியிருந்தேன். ராயக்கோட்டை சாலையில், உத்தனப்பள்ளி தாண்டி ஒரு திருப்பத்தில், எதிரே வந்த பைக் எங்கள் வண்டியில் மோதியது. ஓட்டி வந்த இளைஞர் சாலையோரம் போய் விழுந்தார். எங்கள் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிது சார். நின்னா என்ன கொன்னுடுவாங்க. நீங்களும் ஓடிடுங்க."

அவர் தக்காளித் தோட்டத்துக்குள் ஓடி மறைந்தார். டிரைவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஓடிப்போய் ஸ்டேஷனில் நிற்பார்கள். அகப்பட்டவனை ஜனம் அடிக்கும். போக்குவரத்து மேலாளருக்கு போன் போட்டேன். "கோட்ட கழட்டி எறிஞ்சிட்டு கூட்டத்தோட கூட்டமா வந்துடுப்பா" என்றார். இத்தனை மாதப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான உத்தரவு அதுதான்.

கழற்றத்தான் போனேன். அதற்குள் ஊர் ஜனம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஒரு கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு பெண்ணின் நெற்றி பிளந்து சுடிதாரெல்லாம் ரத்தம். நான் இறங்கி, கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றேன்.

அடிபட்டவரின் முகத்தின் மேல் யாரோ துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள். செத்துவிட்டார், போலீஸ் வரும்வரை தொடக்கூடாது என்று பேச்சு. அவர் அண்ணன் மாதேஷ், தக்காளி லாரி ஓட்டுகிறவர், வேலிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"எங்க முனிராஜ கொன்னுட்டு கோட்டு போட்டுக்கினு நிக்கறியாடா?"

முதல் அடியைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு எத்தனை பேர் அடித்தார்கள் என்று தெரியாது. செருப்புக் காலால் முகத்தில் மிதித்தார்கள். பல் ஒன்று நாக்கில் கிடந்தது. எவனோ கேனில் பெட்ரோல் கொண்டுவந்து பேருந்தின் மேல் ஊற்றினான். உள்ளே பெண்கள் அலறினார்கள்.

"கர்த்தாவே, ஒரு ஆளை அனுப்பும்" என்று ஜெபித்தேன். போலீஸோ, ஊர்ப் பெரியவரோ, ஒரே ஒரு ஆள். யாரும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அடித்தவர்கள் மேல் அல்ல, கர்த்தர் மேல். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவரைத் திட்டினேன்.

இன்னொரு உதையில் தரையோடு உருண்டு சாலையோரம் போய்க் கிடந்தேன். என் முகத்துக்கு நேரே முனிராஜின் முகம் இருந்தது. அதன் மேல் கிடந்த துண்டு, வாய் இருக்கும் இடத்தில், மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

"அண்ணா, மூச்சு இருக்கு" என்றேன். ரத்தத்தோடு பேச்சு சரியாக வரவில்லை. மாதேஷ் மறுபடியும் கட்டையை ஓங்கினார். "என்ன அப்புறம் அடிங்க. மொதல்ல துண்ட எடுத்துப் பாருங்கண்ணா."

அவர் குனிந்து துண்டை எடுத்தார். கட்டை கீழே விழுந்தது.

"டேய், உசிரு இருக்குடா. தூக்குங்கடா."

பெட்ரோல் கேன் வைத்திருந்தவனே கால் பக்கம் பிடித்தான். பேருந்துக்குள் நான்கைந்து பெண்கள் முனிராஜைத் தங்கள் மடியில் கிடத்திக்கொண்டார்கள். "வண்டிய யாரு ஓட்டறது?" என்று ஒருவர் கேட்டார். மாதேஷ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று அடிக்க, ஓசூர் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினார். நான் கேட்ட ஆள் கட்டையோடு என் முன்னாலேயே நின்றிருக்கிறார் என்பது எனக்கு அந்த வண்டியில்தான் விளங்கியது. வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. தாடை வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முனிராஜை உள்ளே கொண்டுபோன பிறகு, தொங்கிக்கொண்டிருந்த என் கையை மாதேஷ் பார்த்தார். "கை என்னாச்சுப்பா?" என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. சுவரோரம் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

முனிராஜ் பிழைத்தார். பல்கலைக்கழகத்தில் என்னிடம் அடித்தவர் பெயரைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் பெயரைத்தான் சொல்வேன் என்றேன். பயிற்சி முடிந்ததும் எந்தப் பிரிவு வேண்டும் என்றார்கள். போக்குவரத்தைக் கேட்டு வாங்கினேன். புதிதாக வரும் டிரைவர்களிடம் முதல் நாளே சொல்கிறேன்: ஓடுவதென்றால் ஓடுங்கள், மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

உதவிக்காக வாசலையே பார்த்துக்கொண்டு, ஆண்டவர் கேட்கவில்லை என்று கசந்துபோயிருப்பவர்கள் இங்கே இருக்கலாம். நானும் அப்படித் திட்டியவன்தான். நம்பிக் கேளுங்கள். ஆனால் எந்த ஆளை அனுப்புவது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

மாதேஷ் அண்ணன் கும்பிடுவது வேறு சாமியை. ஆனாலும் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றும் நாளெல்லாம் போன் செய்து, "கை மேல வருதா தம்பி?" என்று கேட்கிறார். தோள் வரைக்கும் வருகிறது என்கிறேன். அந்த உயரமே எனக்குப் போதும். அன்று தரையில் கிடந்து கேட்டதே கர்த்தருக்குக் கேட்டிருக்கிறது.